பழுதுபார்ப்பும் குடியிருப்போர் உரிமையும்: இங்கிலாந்தின் சமூக வீடுகள்

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்களும் லாப நோக்கற்ற வீட்டுவசதிச் சங்கங்களும் சந்தை நிலவரத்தைவிடக் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள் சமூக வீடுகள் எனப்படும். லண்டன் தமிழர் பேச்சில் இவை கவுன்சில் வீடுகள். கூரை ஒழுகினாலும், சுவரில் ஓதம் ஏறினாலும், வெந்நீர்க் கொதிகலன் நின்றுபோனாலும் சரிசெய்து தரவேண்டியவர் வீட்டு உரிமையாளர். அவர் தவறினால் குடியிருப்பவர் நீதிமன்றத்துக்கோ குறைதீர்ப்பாளரிடமோ போகலாம்.

தொடக்க வரலாறு

சட்டம் முதலில் இரங்கியது ஏழைக்கு அல்ல. 1843இல் பிரைட்டன் நகரில் ஒரு வசதியான குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு சில வாரங்களுக்கு எடுத்த வீட்டில் மூட்டைப்பூச்சி மொய்த்தது. குடும்பம் வெளியேறியது. மீதி வாடகை தரவேண்டியதில்லை என்று ஸ்மித் எதிர் மாரபிள் வழக்கில் தீர்ப்பானது. ஆனால் இந்தச் சலுகை சாமான்களோடு விடப்படும் வீட்டுக்கு மட்டுமே என்று பின்வந்த தீர்ப்புகள் வரம்பு கட்டிவிட்டன. தொழிலாளர் எடுத்ததோ வெற்று வீடுகள். ‘பார்த்துத்தானே எடுத்தாய்’ என்பதே அவர்களுக்குச் சட்டம் தந்த பதில்.

தொழிலாளர் குடியிருப்பு பற்றி ஆராய 1884இல் சார்லஸ் டில்க் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. வேல்ஸ் இளவரசரும் அதில் உறுப்பினர். அதன் பயனாக வந்த 1885ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்த வாடகை வீடுகள் குடிபுகும்போது மனிதர் வசிக்கத் தக்கவையாக இருக்க வேண்டும் என்றது. குடிபுகுந்த மறுநாள் கூரை விழுந்தால் அதில் வழியில்லை. வாடகைக்காலம் முழுவதும் வீடு தகுதியோடு இருக்க வேண்டும் என்ற திருத்தம் 1909இல் வந்தது. இந்தத் துறையின் உண்மையான தொடக்கம் இதுவே.

அதன் வலிமையைக் காட்டியது ஒரு சன்னல் கயிறு. சால்ஃபோர்டு நகராட்சியின் வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு பெண்மணியின் படுக்கையறைச் சன்னலில், மேலும் கீழும் நகரும் சட்டத்தைத் தாங்கும் இரு கயிறுகளில் ஒன்று அறுந்தது. புகார் சொல்லியும் யாரும் வரவில்லை. பின்னொரு நாள் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மற்றக் கயிறும் அறுந்து, சட்டம் விழுந்து கையைக் காயப்படுத்தியது. ஒரு கயிற்றுக்காக வீட்டையே தகுதியற்றது என்பதா என்று நகராட்சி வாதிட்டது. அன்றாடப் புழக்கத்திலேயே குடியிருப்பவருக்குத் தீங்கு நேரக்கூடுமானால் அது தகுதியற்ற வீடுதான் என்ற நீதிபதி அட்கின் பிரபுவின் அளவுகோலை, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை ஏற்றது (சம்மர்ஸ் எதிர் சால்ஃபோர்டு, 1943).

இவ்வளவு நல்ல விதியை வீணடித்தது, அது எந்த வீடுகளுக்குப் பொருந்தும் என்று வரையறுத்த வாடகை உச்சவரம்பு. 1957இல் அது லண்டனில் ஆண்டுக்கு 80 பவுண்டு, பிற இடங்களில் 52 பவுண்டு என நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் நாடாளுமன்றம் அதை உயர்த்தவே இல்லை. விலைவாசி ஏற ஏற, அந்த வரம்புக்குள் அடங்கும் வீடு கிட்டத்தட்ட ஒன்றுகூட இல்லாமற்போயிற்று. சட்டப் புத்தகத்தில் உரிமை இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. அறுபது ஆண்டு அலட்சியம் இது. இதற்குச் சமாதானம் சொல்ல இடமில்லை.

பழுதும் குறைபாடும்

1961இல் தனியாக ஒரு பழுதுபார்ப்புக் கடமை வந்தது. இன்று அது 1985ஆம் ஆண்டு நில உரிமையாளர்–வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு. கட்டுமானம், வெளிப்புறம், கழிவுநீர்க் குழாய், மழைநீர்த் தாரை, தண்ணீர், எரிவாயு, மின்சாரம், வெப்பமூட்டும் சாதனம் ஆகியவை இதில் அடங்கும். வீட்டுக்குள் உள்ள பழுதைப் பொறுத்தவரை, அது உரிமையாளருக்குத் தெரிந்த பிறகே கடமை தொடங்கும். எனவே புகாரை எழுத்தில் கொடுத்து, தேதியோடு நகல் வைத்துக்கொள்வது அவசியம்.

11ஆம் பிரிவின் பெரிய ஓட்டை ஓதமும் பூஞ்சையும். க்விக் எதிர் டாஃப்-ஈலி வழக்கில் (1985) தெற்கு வேல்ஸின் ஒரு மன்ற வீட்டில் உலோகச் சன்னல் சட்டங்களில் ஈரம் படிந்து சுவரெங்கும் பரவியது. படுக்கையும் துணிமணியும் மக்கிப்போயின. ஆனால் சன்னல் உடையவில்லை, அதன் வடிவமைப்பே அப்படி, ஆகவே அது பழுதல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு, துணி உலர்த்துவதும் சன்னலைச் சாத்திவைப்பதுமே காரணம் என்று குடியிருப்பவர் மேல் பழியைப் போட உரிமையாளர்களுக்கு வசதியாயிற்று. காப்பில்லாத சுவரும் காற்றோட்டமில்லாத கட்டடமுமே காரணம், மூச்சுவிடும் மனிதர் அல்ல. வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளரும் 2021 அறிக்கையில் இந்தப் பழிபோடலைக் கண்டித்தார்.

அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் கேரன் பக் கொண்டுவந்த 2018ஆம் ஆண்டு வசிப்புத் தகுதிச் சட்டம் வாடகை வரம்பை நீக்கியது. 2019 மார்ச் 20 முதல் நடப்புக்கு வந்த இதன்படி, பழுது இல்லாவிட்டாலும் ஓதமும் குளிரும் உடல்நலத்தைக் கெடுத்தால் வழக்குப் போடலாம்.

தீர்வு வழிகள்

பிற உரிமையாளர்களுக்குச் சுகாதார நோட்டீஸ் அனுப்பும் உள்ளாட்சி மன்றம், தன் வீட்டின் மேல் தானே அதை அனுப்பிக்கொள்ள முடியாது. அந்த இடைவெளியை 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 82ஆம் பிரிவு நிரப்புகிறது. 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, குடியிருப்பவரே உரிமையாளர் மேல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்ற வழக்குத் தொடுக்கலாம். சிவில் வழக்கில் பழுதுபார்க்க உத்தரவும் இழப்பீடும் கிடைக்கும். ஆனால் இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கான அரசுச் சட்ட உதவி 2013இல் பெரிதும் வெட்டப்பட்டது. கட்டணம் இல்லாத வழி குறைதீர்ப்பாளர்தான். அதற்கு முதலில் உரிமையாளரின் சொந்தப் புகார் நடைமுறையை முடித்திருக்க வேண்டும். வாடகையை நிறுத்திவைப்பது ஆபத்து. பாக்கி ஏறினால் வெளியேற்றும் வழக்கு வரும்.

இன்றைய நிலை

ராச்டேலில் பூஞ்சை பிடித்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். தந்தை முன்பே முறையிட்டபோது, பூஞ்சையின் மேல் வண்ணம் பூசச் சொல்லியிருந்தார்கள் உரிமையாளர் தரப்பினர். நீண்டகாலம் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு கண்டது. 2023ஆம் ஆண்டு சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் அவன் பெயரால் அறியப்படும் விதிகள் சேர்ந்து, 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் உள்ளன. உடனடி ஆபத்துக்கு 24 மணி நேரம், கடும் ஓதத்தையும் பூஞ்சையையும் ஆய்வு செய்ய 10 வேலை நாள், ஆய்வு முடிந்தபின் வீட்டைப் பாதுகாப்பாக்க 5 வேலை நாள் என்பவை கெடு. பிற ஆபத்துகளுக்கும் இதைப் படிப்படியாக விரிக்க அரசு திட்டமிட்டுள்ளது. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. வேல்ஸின் சட்டம் 2022 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது.