மிளகுக் கொடிக்குப் பின்னாடி நிக்கிற மரம்

கொல்லிமலைக்கு பைக்ல போறவங்க எல்லாரும் 70 கொண்டை ஊசி வளைவையும் ஆகாய கங்கையையும் ரீல்ஸ் போட்டுடுவாங்க. அந்த ரீல்ஸ்ல பின்னாடி நிக்கிற மரத்தைப் பத்திதான் இன்னைக்கு எபிசோடு. குண்டனி நாடு உட்பட அந்த மலை முழுக்க, மிளகுக் கொடி ஏறி நிக்கிற ஒல்லியான உயர மரம். சில்வர் ஓக்.

பேர்ல ஓக் இருக்கு, ஆனா ஓக் இல்லை. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. தாவரவியல் பேர் கிரெவில்லியா ரொபஸ்டா. 1804-ல் லண்டனில் ஒரு புத்தகக் கடையில் கூடி தோட்டக்கலைச் சங்கம் தொடங்கின 7 பேரில் ஒருத்தர் சார்லஸ் கிரெவில். அவர் பேர்தான் அது. பொருத்தமாத்தான் அமைஞ்சிருக்கு. ஏன்னா விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இதோட கன்றைத் தொட்டியில வெச்சு, பெரணி மாதிரி இலைக்காக வரவேற்பறையில் வளர்த்தாங்க. 19-ஆம் நூற்றாண்டில் நம்ம ஊர் காபி, டீ எஸ்டேட்டுக்கு நிழல் மரமா வந்தது.

வரவேற்பறையில் இருந்தவரைக்கும் யாரும் அதை வெட்டலை. தோட்டத்துல அப்படி இல்லை. வெளிச்சம் இறங்கணும்னா கிளை கழிச்சே ஆகணும். ஒருத்தர் மேல ஏறி வெட்டுவார், பால், தூள் எல்லாம் அவர் மேலதான்.

இந்த மரத்துல ரிசார்சினால் வகை வேதிப்பொருள் இருக்கு. ஆஸ்திரேலியாவில் மரம் வெட்டுறவங்களுக்கு இதனால தோல் தடிச்சு கொப்புளம் வந்தது மருத்துவப் பதிவுகள்ல இருக்கு. எல்லாருக்கும் வராது. முதல் தடவை உடம்பு அதை அடையாளம் மட்டும் வெச்சுக்கும். அடுத்த தடவை பட்டா, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு அரிப்பு. இந்த இடைவெளியாலதான் பழி மரத்து மேல விழறதில்லை. சாப்பாடு, பூச்சி, தண்ணின்னு ஏதாவது மாட்டிக்கும்.

இதே மாதிரி ஒரு குழப்பம் இரண்டாம் உலகப் போர்லயும் நடந்துச்சு. இந்தியாவில் இருந்த அமெரிக்க சிப்பாய்களுக்குக் கழுத்துல அரிப்பு. துணிக்கு அடையாளம் போட சலவைக்காரங்க தொட்ட சேராங்கொட்டைப் பால்தான் காரணம்னு 1943-ல் மருத்துவர்கள் எழுதினாங்க. சேராங்கொட்டை, முந்திரிக் கொட்டை, மாங்காய்ப் பால் எல்லாம் ஒரே குடும்பம். சில்வர் ஓக் வேற குடும்பம், ஆனாலும் அதோட வேதிப்பொருள் இவங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி.

அதனால மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் வெந்து போற ஆளுக்கு சில்வர் ஓக்கும் ஒத்துக்காம போகலாம். தோட்டத்துல கிளை கழிக்க ஆள் ஏத்துறதுக்கு முன்னாடி இந்த ஒரு கேள்வி கேட்டுட்டு, முழுக்கை சட்டையும் கொடுத்துடுங்க.