தீவைச் சுற்றி ஒரு வளைவு



கொட்டியாரக் குடாவில் தொழில் செய்வோர் அறிவர்: விரைந்தோடும் வள்ளத்தைச் சட்டெனத் திருப்புவது கடினம், மெல்லச் செல்கையில் திருப்புவது எளிது. விண்ணில் செல்லும் றொக்கெட்டுக்கும் இதுவே விதி. அந்த விதியின் வரலாற்றில் நமது தீவுக்கும் இடமுண்டு.

நமக்கு வடக்கே, வங்கக் கடலோரத்தில், இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் உள்ளது. துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றும் செய்மதிகளை ஏற்றிச் செல்லும் பி.எஸ்.எல்.வி. றொக்கெட், தெற்கு நோக்கியே பறக்கவேண்டும். நேர்வழியில் சென்றால் இலங்கை மக்களின் தலைக்கு மேலால் போக நேரும். ஆகவே முதலில் தென்கிழக்கே கடலின் மேற்சென்று, பின்னரே தெற்கே வளைகிறது. 1993 செப்டெம்பர் 20இல் முதற் பயணம் தோல்வியுற்றது. 1994 ஒக்டோபர் 15இல் 804 கிலோகிராம் நிறையுள்ள செய்மதியை அது விண்ணில் நிறுத்தியது.

வளைவுக்கு விலையுண்டு. வினாடிக்கு 7.5 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் செய்மதியை 60 பாகை திருப்ப, இன்னுமொரு 7.5 கிலோமீற்றர் வேகத்துக்கான உந்துதல் வேண்டும். எனவே முழுவேகம் பெறுமுன்னரே திரும்புவது சிக்கனம்.

உயரே சென்றபின் திரும்ப நேர்ந்தால்? 1925இல் ஜெர்மானியப் பொறியியலாளர் வோல்ற்றர் ஹோமான், ஒரு வட்டப்பாதையிலிருந்து இன்னொன்றுக்கு நீள்வட்டம் வழியே செல்லும் சிக்கனமான முறையை எழுதிவைத்தார். 1981 ஜூன் 19இல் தென்னமெரிக்காவின் கூரூவிலிருந்து ஏரியான் றொக்கெட்டில் சென்ற இந்தியாவின் 'ஆப்பிள்' செய்மதி அவ்வாறே நீள்வட்டத்தில் விடப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம் என்னும் தமிழர். பூமிக்கு அருகே வினாடிக்குப் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கலம், 36,000 கிலோமீற்றர் உச்சியை எட்டுகையில் ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர் வேகத்துக்குத் தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சியே தருணம். அங்கு உந்தினால் பாதை வட்டமாகும். சாய்வும் குறைந்த செலவில் நிமிரும். ஆப்பிளை உந்திய இயந்திரம், இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 றொக்கெட்டின் நான்காம் கட்டத்திலிருந்து உருவானது.

2024 பெப்ரவரி 28இல் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில், சிறிய றொக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கே திறந்த இந்து சமுத்திரம். நம்மைச் சுற்றிப் போகவேண்டியதில்லை.

அப்படியானால் இதுவரை வளைந்தது வீண் செலவா? இல்லை. சிக்கனமான வழியைக் கணிதம் காட்டும். எவர் தலைக்கு மேலால் போகலாகாது என்பதை மனிதனே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்காகக் கொடுத்த எரிபொருள் அது.