நயா கிலா: ஒரே மண்ணில் இரண்டு பாசனங்கள்

ஹைதராபாத்தின் கோல்கொண்டாக் கோட்டையை ஒட்டி எழுந்த விரிவாக்கமே நயா கிலா. 1656இல் முகலாயப் படை முற்றுகையிட்டபோது, மதிலுக்கு வெளியே இருந்த மேட்டுநிலம் பகைவரின் பீரங்கிகளுக்கு வாய்ப்பான இடமாக இருந்தது. அக்குறையை நீக்க, அப்துல்லா குதுப் ஷா காலத்தில் அம்மேடும் மதிலுக்குள் கொண்டுவரப்பட்டது. போர்த்தேவை வளைத்துக்கொண்ட அந்நிலத்தில் ஓர் அரச தோட்டமும் இருந்தது. இன்று அங்கே கோல்ஃப் மைதானம் உள்ளது.

தோட்டத்தின் இருப்பை 2014இல் இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வு உறுதிசெய்தது. வாய்க்கால்கள், வண்டல் படியும் தொட்டிகள், நடைபாதைகள், நீரூற்று அமைப்புகள் ஆகியன மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. இவற்றை வெறும் அலங்காரமாகக் கருதுவது பிழை. உயரத்தில் தேங்கிய நீர் தன் எடையாலேயே தாழ்வை நோக்கி இறங்கும். தொட்டியில் வண்டல் தங்கும். தெளிந்த நீர் செடிக்கும் ஊற்றுக்கும் செல்லும். நீர் மேலேற வேண்டிய கோட்டைப் பகுதிகளில் பாரசீகச் சக்கரங்களும் சுடுமண் குழாய்களும் பயன்பட்டன. தொலைவிலுள்ள துர்கம் செருவும் கோட்டையின் நீராதாரமாக இருந்தது.

இந்நீரியலின் தடம் ஊர்ப்பெயர்களிலும் தங்கியிருக்கிறது. நயா கிலாவை ஒட்டிய ஜமாலி குண்ட்டா அவற்றுள் ஒன்று. ஆழத்தையும் குளத்தையும் குறிக்கும் தமிழ்க் 'குண்டு', தெலுங்கின் 'குண்ட்ட' ஆகியவை ஒரே திராவிட வேரின் கிளைகள். பாரசீகம் பேசிய அரசவையின் தோட்டம், தெலுங்குப் பெயர் தாங்கிய குளங்களின் நடுவே இருந்தது.

கோல்ஃப் புல்தரையின் பாசனம் இதற்கு நேர்மாறானது. மின்பம்பு அழுத்தம் தருகிறது. பிளாஸ்டிக் குழாய்கள் மண்ணுக்குள் ஓடுகின்றன. தெளிப்பான்கள் நீரைச் சிதறுகின்றன. இத்தகைய அமைப்பின் ஆயுள் பொதுவாக 10 முதல் 30 ஆண்டுகள். இணைப்புகள் கசியும், வால்வுகள் பழுதாகும், அழுத்தம் குறையும். எந்த மைதானமும் ஒருநாள் மண்ணைத் தோண்டிக் குழாய்களை மாற்றியே ஆகவேண்டும். சாதாரண நிலத்தில் அது பராமரிப்பு வேலை மட்டுமே. நயா கிலா போன்ற நிலத்தில் அதுவே தொல்லியல் நிகழ்வாகிவிடும்.

1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் இங்குக் கருதத்தக்கது. பாதுகாக்கப்பட்ட பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றித் தோண்டுவதை அதன் 19ஆம் பிரிவு தடுக்கிறது. பயிர்த்தொழிலுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் ஓர் அடி ஆழத்துக்கு மேற்படாதவரை. உழவரின் கலப்பைக்கு எல்லை வகுத்த சட்டத்தின் நோக்கம் தெளிவு: மேல்மண்ணின் கீழே வரலாறு இருக்கக்கூடும். பாசனக் குழாய்க்கான பள்ளமோ பெரும்பாலும் அந்த ஓர் அடியைத் தாண்டிவிடும்.

ஆகவே, தொல்நிலத்தில் பழைய பாசனத்தை மாற்றும் திட்டம் எதுவும் பொறியாளரின் வரைபடத்தோடு முடிந்துவிடக் கூடாது. தரையை ஊடுருவும் ரேடாரால் முதலில் அடிமண்ணை அறியலாம். முன்பே கலைக்கப்பட்ட பள்ளங்களின் வழியே புதிய குழாய்களைப் பதிக்கலாம். தோண்டும் ஒவ்வொரு நாளும் தொல்லியலாளர் ஒருவர் உடனிருக்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவும் காலமும் அளவிடக்கூடியவை.

முப்பதாண்டு வாழும் குழாய்க்கு மாற்று உண்டு. அதைப் பதிக்கும்போது உடையும் பதினேழாம் நூற்றாண்டு வாய்க்காலுக்கு மாற்றில்லை.