பிரிவு 188 தீர்ப்பு (2018)

பிரிவு 188 தீர்ப்பு என்பது, அரசு ஊழியரின் தடையுத்தரவை மீறியதற்காகக் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 செப்டம்பர் 20 அன்று அளித்த தீர்ப்பு. வழங்கியவர் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் காவல் நிலைய வழக்கில் இது பிறந்தது.

சட்டப் பின்னணி

1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 10ஆம் அத்தியாயம், பிரிவுகள் 172 முதல் 190 வரை, அரசு ஊழியரின் அதிகாரத்தை அவமதிக்கும் குற்றங்களைப் பேசியது. அவற்றுள் 188, முறைப்படி அறிவிக்கப்பட்ட உத்தரவை மீறுவது பற்றியது. தண்டனை ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 200 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமாக இருந்தது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேரும் நிலையில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, பிடியாணை இல்லாமலே இதற்குக் கைது செய்ய முடிந்தது. அதே சட்டத்தின் பிரிவு 195(1)(அ)வோ, சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் அல்லது அவரது மேலதிகாரி எழுத்துமூலம் புகார் தந்தாலன்றி நீதிமன்றம் வழக்கை ஏற்கக் கூடாது என்றது. கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் பலியான தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கில், இந்தப் புகார் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உறுதி செய்திருந்தது.

தீர்ப்பின் விதிகள்

172 முதல் 188 வரையிலான குற்றங்களுக்குக் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. நடுவர் இறுதி அறிக்கையை ஏற்கக் கூடாது. காவலர் தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம்; உடனே உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். உத்தரவு தண்டோரா, அரசிதழ் அல்லது பரவலாக விற்கும் நாளிதழ் வழியாக ஊரறிய வெளியாகியிருக்க வேண்டும். தனிப்பட்ட முறையில் சொல்வது போதாது. காவல் சட்டப் பிரிவு 30(2) கூட்டங்களை ஒழுங்குபடுத்தவே. சனநாயக எதிர்ப்பை அடக்க அன்று.

பிரிவு 195 புலன்விசாரணையைத் தடுப்பதில்லை என்ற கருத்தும் நீதிமன்றங்களில் உண்டு. எனினும் நீதிமன்றம் ஏற்க முடியாத குற்றத்துக்கு ஒருவரை வழக்கில் நிறுத்தி அலைக்கழிப்பது நியாயமில்லை என்பதால், மதுரைக் கிளையின் வாசிப்பே சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்துகிறது.

தாக்கம்

அனுமதியின்றிக் கூடியதாகப் பதியப்பட்ட வழக்குகளில், இந்திய தண்டனைச் சட்டத்தில் சட்டவிரோதமாகக் கூடுவது பற்றிய 143, உத்தரவை மீறுவது பற்றிய 188 இரண்டும் வழக்கமாக இடம்பெற்ற பிரிவுகள். கூலி உயர்வு கேட்டுப் போராடும் பல்லடம், சோமனூர் விசைத்தறியாளர்களுக்கும், உயர்மின் கோபுரங்களை எதிர்க்கும் கொங்கு விவசாயிகளுக்கும் இத்தீர்ப்பு அரண். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 188, குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 195 ஆகியவை முறையே பாரதிய நியாய சன்ஹிதா 223, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 215 என மாறியுள்ளன.