சொன்ன பேச்சைக் கேட்டால் ஃபெயில்! - கேமர்களைக் குழப்பியடித்த ‘தி பாத்’

சிவப்பு முக்காடு போட்ட பொண்ணு, படுத்த படுக்கையா இருக்கிற பாட்டி, நடுவுல ஒரு ஓநாய். ஸ்கூல் டேஸ்ல நாம எல்லோரும் கேட்ட கதைதான். அதே கதையைக் கையிலெடுத்து, 2009 மார்ச்சில் ஒரு கேம் வந்தது. பெயர், ‘தி பாத்’. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் இயங்கிய ‘டேல் ஆஃப் டேல்ஸ்’ என்ற குட்டி ஸ்டூடியோவின் தயாரிப்பு. ஆரியா ஹார்வி, மிக்கேல் சமீன் தம்பதிதான் அதன் மூளை.

ராபின், ரோஸ், ஜிஞ்சர், ரூபி, கார்மென், ஸ்கார்லெட் என்று ஆறு சகோதரிகள். கடைக்குட்டி ராபினுக்கு 9 வயது, மூத்தவள் ஸ்கார்லெட்டுக்கு 19. ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தால், காட்டுப்பாதையின் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கட்டளை ஒண்ணே ஒண்ணுதான்... பாட்டி வீட்டுக்குப் போகணும், பாதையை விட்டு விலகக் கூடாது.

நல்ல பிள்ளையா நேரா நடந்தால், சில நிமிஷத்துல பாட்டி வீடு வந்துடும். சுபம்னு நினைச்சா, ஸ்கிரீன்ல ‘தோல்வி’னு வந்து நிக்கும்! என்னென்ன பார்த்தீங்க, எத்தனை பூ பறிச்சீங்கன்னு மார்க் ஷீட் வேற. ஓநாயைச் சந்திச்சாதான் ஜெயிச்ச கணக்கு. அதாவது, சொன்ன பேச்சை மீறணும்.

மீறிக் காட்டுக்குள்ள போனா, அங்க சண்டை கிடையாது, புதிர் கிடையாது. ஒரு பொருள் பக்கத்துல போய் கன்ட்ரோலை விட்டுட்டா போதும், அந்தப் பொண்ணே அதை எடுப்பா, ஏதாவது சொல்வா. ஓடினால் திரை இருண்டு, எதிரில் இருப்பதே தெரியாமல் போகும். 144 பூக்கள் காட்டில் சிதறிக் கிடக்கின்றன. ஜார்போ, கிரிஸ் ஃபோர்ஸ் இருவரின் இசை வயிற்றைப் பிசையும்.

ஓநாயும் ஆளுக்கொரு ரகம். ராபினுக்கு நிஜமாவே கல்லறைத் தோட்டத்து ஓநாய்தான். ஆனா 15 வயசு ரூபிக்கு அது விளையாட்டு மைதானத்துல உட்கார்ந்திருக்கிற ஓர் இளைஞன். 17 வயசு கார்மெனுக்கு மரம்வெட்டி. சந்திப்புக்குப் பிறகு திரை இருண்டுவிடும். என்ன நடந்ததுன்னு காட்டவே மாட்டாங்க. அடுத்த காட்சியில் கொட்டும் மழையில், பாட்டி வீட்டு வாசலில் அவள் விழுந்து கிடப்பாள். எழுந்து தள்ளாடி உள்ளே போவாள். ஆட்டம் தொடங்கிய சிவப்பு அறைக்குத் திரும்பினால், சகோதரிகளில் ஒருத்தி குறைந்திருப்பாள்.

அந்தக் காட்டாத சில நொடிகள்தான் ரசிகர்களை ரெண்டாப் பிரிச்சது. ‘இது பாலியல் வன்முறையேதான், அதை வெற்றின்னு சொல்றது எவ்ளோ பெரிய கொடுமை’ என்று ஒரு தரப்பு கொதித்தது. ‘இல்லை, ஒவ்வொரு வயசுலயும் குழந்தைத்தனம் சாகுற தருணம் அது’ என்றது இன்னொரு தரப்பு. இது கேமே இல்லை, நடக்கவே பத்து நிமிஷம் ஆகுதுன்னு கடுப்பாகி மூடிவெச்சவங்களும் ஏராளம். உருவாக்கியவர்களோ ‘இதுதான் அர்த்தம்’ என்று தீர்ப்பு சொல்லாமல், ஆடுபவர்களிடமே விட்டுவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், கொதித்தவர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனா அந்தக் கோபத்துக்குக் காரணம், கன்ட்ரோல் நம்ம கையில இருந்ததுதான். சினிமான்னா டைரக்டரைத் திட்டிட்டுப் போயிடலாம். இங்க அந்தப் பொண்ணைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனதே நீங்கதானே!

இன்னொண்ணு, இந்தக் கதை ஒண்ணும் சமத்தான கதை இல்லை. 1697-ல் பிரான்ஸின் சார்லஸ் பெரோ அச்சிட்ட வடிவத்தில், ஓநாய் பெண்ணை விழுங்குவதோடு கதை முடிந்துவிடும். வேட்டைக்காரர் வந்து காப்பாற்றுவது 1812-ல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில்தான். நாம கேட்டது அந்த சாஃப்ட் வெர்ஷன். ‘தி பாத்’ கேமில் வேட்டைக்காரர் கிடையாது. வெள்ளை உடை போட்ட ஒரு சின்னப் பொண்ணு மட்டும் காட்டுல சுத்திக்கிட்டே இருப்பா. வழி தவறினா, கையைப் பிடிச்சுப் பாதைக்குக் கூட்டிட்டு வந்து விடுவா.

2015-ல் வெளியான ‘சன்செட்’ சுமார் 4,000 பிரதிகளே விற்றதால், வணிகரீதியாக கேம் செய்வதையே இந்தத் தம்பதி நிறுத்திவிட்டார்கள். ‘தி பாத்’ ஸ்டீமில் இருக்கிறது, விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆடலாம். தம்பி தங்கச்சி பக்கத்துல இல்லாதப்போ ஆடுங்க. ஆறு பேரையும் ஒரே ராத்திரியில முடிக்கணும்னு அவசரப்படாதீங்க, ஒரு ராத்திரிக்கு ஒருத்தியே தாராளம்.