விதை நெல்லும் ஜெனரேட்டரும்

கொல்லங்கோட்டுப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதை நெல்லில் கை வைக்கக் கூடாது. குத்திச் சாப்பிட்டால் இன்றைய பசி தீரும், அடுத்த போகம் இருக்காது. தானாக ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டரின் வரலாறும் இந்த விதை நெல் விவகாரம்தான். மின்சாரம் தயாரிக்கும் எஞ்சினைக் கிளப்பவே கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அதை எங்கே வைப்பது, யார் காவல் காப்பது?

கோடை விடுமுறைக்கு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கிளம்பும் நம்மவர்கள் இப்போது நிறைய. "பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர் தானே கிளம்பிவிடும்" என்று சொன்னதை நம்பித் தூங்கினால், நடு ராத்திரியில் ஹீட்டர் விசிறி நின்றுபோய்க் குழந்தை குளிரில் அழும். ஏன் கிளம்பவில்லை என்று தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆரம்பத்தில் எஞ்சினைக் கையால் சுற்றித்தான் கிளப்பினார்கள். சுற்றும் கம்பி திருப்பி அடித்து மணிக்கட்டு உடைந்தவர்கள் ஏராளம். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. கம்பி சுற்றும் வேலையை பேட்டரி எடுத்துக்கொண்டது. 1916-ல் அவரே டெல்கோ-லைட் என்று பண்ணை வீடுகளுக்கான 32 வோல்ட் ஜெனரேட்டரைக் கொண்டுவந்தார். 1920-ல் கோலர் நிறுவனம் (ஆமாம், பாத்ரூம் குழாய் செய்கிறவர்களேதான்!) ஒரு படி மேலே போனது. வீட்டில் யாராவது ஒரு விளக்கைப் போட்டால் போதும், கொட்டகையில் எஞ்சின் தானே கிளம்பும். அணைத்தால் நிற்கும். இன்றைய ஆட்டோ ஸ்டார்ட்டின் பாட்டனார் இவர்தான்.

நம் ஊர்ப் பக்கம் கதை வேறு மாதிரி. மலையும் மழையும் இருந்ததால் தண்ணீர்தான் எஞ்சின். 1932-ல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் கோயமுத்தூருக்கு இறங்கியது, மில்கள் பெருகின. 1940-ல் மூணாறு அருகே பள்ளிவாசல் நிலையம் ஓட ஆரம்பித்தது. 1976-ல் மூலமட்டத்தில் மலையைக் குடைந்து கட்டிய இடுக்கி நிலையம் வந்தது. மொத்தத் திறன் 780 மெகாவாட்.

இவ்வளவு பெரிய நிலையங்களுக்கும் விதை நெல் வேண்டும் என்பதுதான் வேடிக்கை. கிரிட் மொத்தமும் படுத்துவிட்டால், வால்வைத் திறக்கவும் கவர்னரை இயக்கவும் கொஞ்சம் மின்சாரம் தேவை. அதற்காக பேட்டரி வரிசையும் சின்ன டீசல் ஜெனரேட்டரும் வைத்திருப்பார்கள். இதற்கு 'பிளாக் ஸ்டார்ட்' என்று பெயர். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது, எல்லோரும் எதிர்பார்த்தவற்றில் இந்தச் சேமிப்பும் ஒன்று.

தமிழ்நாட்டில் 2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலம் இதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர்களில் ஏ.எம்.எஃப். பேனல் சகஜமானது. கரண்ட் போனதை உணரும், எஞ்சினைச் சுற்றும். பொதுவாக மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, முடியாவிட்டால் அலாரம் அடிக்கும்.

மோட்டார்ஹோமில் இருப்பதும் அதன் தம்பிதான். ஆகவே இந்த வரிசையில் பாருங்கள்:

முதலில் கையால் பட்டனை அழுத்துங்கள். கிளம்பினால் ஜெனரேட்டர் நலம், கோளாறு ஆட்டோ பக்கம். இரவு நேரத்தில் ஓடக் கூடாது என்ற 'கொயட் டைம்' செட்டிங் போட்டிருக்கிறதா? எத்தனை வோல்ட்டில் கிளம்பச் சொல்லியிருக்கிறது? எஞ்சின் ஓடுகிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் வயர் கழன்றிருக்கிறதா? அது கழன்றால், ஓடும் எஞ்சினையே 'கிளம்பவில்லை' என்று நினைத்து நிறுத்திவிடும்.

பட்டனுக்கும் கிளம்பவில்லையா? எரிபொருளைப் பாருங்கள். பல வண்டிகளில் டாங்க் கால் பங்குக்கு வந்ததும் ஜெனரேட்டருக்கு எரிபொருள் ஏறாது. ஊர் திரும்ப வண்டிக்கு மிச்சம் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இதுவும் விதை நெல்தான்!

கடைசியாக பேட்டரி. பல வண்டிகளில் விளக்குக்கும் விசிறிக்கும் கொடுக்கும் பேட்டரியேதான் ஸ்டார்ட்டரையும் சுற்ற வேண்டும். கிளம்பும் அளவை மிகவும் கீழே வைத்தால், கூப்பிடும் நேரத்தில் சுற்றத் தெம்பு இருக்காது. அளவைக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். தானாகக் கிளம்பும் எஞ்சின், நீங்கள் தூங்கும்போதும் கிளம்பும். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மூடிய கராஜில் வண்டி நிற்கும்போது ஆட்டோவை அணைத்துவிடுங்கள். படுக்கும் முன் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். கையால் சுற்றிய காலத்தில் மணிக்கட்டுதான் உடைந்தது. இப்போது தூங்குகிற குழந்தைகளும் வண்டிக்குள் இருக்கிறார்கள்.