வைமேக்ஸ்

தொலைவு செல்லும் கம்பியில்லா அகலக்கற்றை நுட்பம். வீடுவரை கேபிள் இழுக்காமல், கோபுரத்திலிருந்து வானலை வழியாகவே இணையம் தருவதற்காக உருவானது. ஐஇஇஇ அமைப்பின் 802.16 தரநிலைகள் இதற்கு அடிப்படை.

2001 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற முதல் தரநிலை 10 முதல் 66 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை நம்பியிருந்தது. நடுவே ஒரு மரம் நின்றாலும் தடுமாறும் அலைகள் அவை. கோபுரமும் மொட்டைமாடி ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தாக வேண்டும். 2003இல் 2 முதல் 11 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிய பிறகே சிக்னல் வீட்டுக்குள் எட்டியது. ஓடும் வண்டியிலும் இயங்கும் 802.16இ வடிவம் 2005இல் வந்தது.

'50 கிலோமீட்டர், 70 மெகாபிட்' என்று விளம்பரங்கள் சேர்த்தே சொல்லின. இரண்டும் ஒருசேரக் கிடைக்க வழியே இல்லை. கோபுரத்துக்கு அருகில் ஒரு குறியீட்டில் 6 பிட் ஏற்றும் கருவி, சிக்னல் மெலிந்தால் 2 பிட்டோடு நிறுத்திக்கொள்ளும். அந்த வேகத்தையும் அக்கம்பக்கத்தார் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

கருவிகள் பலவகை. மாடிக் கம்பத்தில் பொருத்தும் தட்டைப் பெட்டிக்கு மின்சாரமும் தரவும் ஒரே கேபிளில் போகும். ஜன்னலோரம் வைக்கும் மோடத்தை, விளக்குகள் கூடுதலாக எரியும் இடம் பார்த்து நகர்த்த வேண்டும். மடிக்கணினிக்கு யுஎஸ்பி டாங்கிள். பெரும்பாலானவற்றில் சிம் கிடையாது. தயாரிப்பின்போதே பதித்த மின்சான்றிதழ்தான் அடையாளம்.

தென்கொரியாவில் வைப்ரோ என்ற பெயரில் 2006 ஜூனில் வணிகச் சேவை தொடங்கியது. அமெரிக்காவில் ஸ்பிரின்ட் நிறுவனம் 2008இல் பால்டிமோரில் தொடங்கி, 2010இல் எச்டிசி ஈவோ 4ஜி கைப்பேசியை விற்றது. ஆனால் 2009 டிசம்பரிலேயே ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் போட்டி நுட்பமான எல்டிஇ வந்துவிட்டது. உலகின் ஜிஎஸ்எம் நிறுவனங்கள் அந்தப் பக்கம் சாய, கைப்பேசி தயாரிப்பாளர்களும் அங்கேயே போனார்கள். வைமேக்ஸ் தோற்றது வேகத்தில் அல்ல, கருவிகளின் எண்ணிக்கையில்.

இந்தியாவில் 2010ஆம் ஆண்டு அகலக்கற்றை அலைவரிசை ஏலம் சுமார் 38,500 கோடி ரூபாய் ஈட்டியது. எந்த நுட்பம் என்பதை விதிமுறை கட்டாயமாக்கவில்லை. வென்ற பெரிய நிறுவனங்கள் எல்டிஇயையே தேர்ந்தன. ஸ்பிரின்ட் 2015 நவம்பரில் தன் வைமேக்ஸ் கோபுரங்களை அணைக்கத் தொடங்கியது.

விமான நிலையங்களில் மட்டும் இதன் வாரிசான ஏரோமேக்ஸ் பிழைத்திருக்கிறது; ஓடுதளத்தில் நகரும் விமானங்களுடனும் தரைப் பணி வண்டிகளுடனும் தரவு பரிமாறிக்கொள்ள உதவுகிறது.